தலைக்கு மேல் ஃபேன்

"இங்க வேணாம். கொஞ்சம் சுவத்துப் பக்கமா தள்ளி வைங்க" என்றாள் அவள்.

தூக்கி வந்த நான்கு பேரும் அவரை இன்னும் முழுதாக இறக்கியிருக்கவில்லை. முன்னால் இருந்த இருவர் குனிந்துவிட்டார்கள், பின்னால் இருந்த இருவர் குனியவில்லை. அந்த நிலையிலேயே நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூடத்தின் நடுவில்தான் இடம் ஒழித்து வைத்திருந்தது. நாற்காலிகளும் அதற்குத் தோதாகத்தான் போடப்பட்டிருந்தன.

"நடுவுல வச்சாத்தானேம்மா வர்றவங்க சுத்தி வந்து பாக்க முடியும்?" என்றார் அவளுடைய அண்ணன்.

"மேல ஃபேன் இருக்கு."

"காத்து வரட்டும்னுதான் அங்க வைக்கிறோம்."

"தலைக்கு நேரா ஃபேன் இருந்தா அவருக்கு ஒத்துக்காது."

 பின்னால் தூக்கிக்கொண்டிருந்த, அவர் வேலை பார்த்த பெயின்ட் கடையின் முதலாளி சட்டென்று முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரிந்திருக்காது. அண்ணன் குரலைத் தாழ்த்தி, அதாவது பக்கத்து வீடு வரைக்கும் மட்டும் கேட்கும்படி, "இனிமே அவருக்கு என்னம்மா ஒத்துக்காமப் போகப் போவுது?" என்றார்.

இறக்கினார்கள். யாரோ ஃபேனை முழு வேகத்தில் வைத்தார்கள்.

உயிரோடு இருந்த நாளெல்லாம் அவள் புருஷனுக்கு ஒத்துக்காதவை ஏராளம். தூசி ஒத்துக்காது. பனி ஒத்துக்காது. பனி இல்லாத மாதங்களில், பனி வரப்போகிற வாடை ஒத்துக்காது. கத்தரிக்காய், ஐஸ் தண்ணீர், துவைக்காத புதுச் சட்டை, பஸ்ஸில் பின்சீட்டு, ரப்பர் செருப்பு, மச்சானின் குரல். இத்தனைக்கும் பிழைப்பு பெயின்ட் கடையில் நின்றபடி நிறம் கலக்குகிற வேலை. உலகத்தில் ஒருவருக்கும் ஒத்துக்காத அந்தத் தின்னர் நெடி மட்டும் அவருக்கு ஜம்மென்று ஒத்துக்கொண்டது. கடையில் அவரை 'ஒத்துக்காதண்ணன்' என்று முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் பெருமைதான். எதுவும் ஒத்துக்கொள்ளாத உடம்பு உசத்தியான உடம்பு என்பது அவர் கட்சி. மச்சான் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்ளும்போதெல்லாம், "எருமைக்கு எல்லாம் ஒத்துக்கும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்.

அந்தச் சுவரில்தான் இப்போது எல்லாரும் சாய்ந்து நின்றார்கள். அதில் உள்ளங்கை அளவில் சதுரம் சதுரமாகப் பல நிறங்கள். வீட்டுக்கு வர்ணம் அடிக்க அவர் கடையிலிருந்து கொண்டுவந்து பூசிப் பார்த்த மாதிரிகள். ஊரார் வீட்டுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நிறம் சொல்லுகிறவருக்குத் தன் வீட்டுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. இந்த மஞ்சள் வெயிலில் ஒத்துக்காது, அந்தப் பச்சை ட்யூப்லைட்டில் ஒத்துக்காது. துக்கத்துக்கு வந்த ஒரு பெண்மணி, யாரோ ஓவியர் செய்த வேலை என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி நின்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான புதிதில் அவள் நம்பியிருக்கிறாள். 'ஒத்துக்கல' என்று சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாள். பிறகு நடந்தாள். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு அவரிடம் மாற்று மருந்து கிடையாது. ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிவிடுவார். ஒரு குடும்பம் நடக்க அப்படி ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

நேற்றுக் காலை குடலிறக்கத்துக்குச் சின்ன ஆபரேஷன் செய்வதாக இருந்தது. "இத ஆபரேஷன்னே சொல்லக் கூடாது. டெய்லர் வேல" என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அறையில் அவரைப் படுக்க வைத்துக் கையில் ஊசிக்குழாய் மாட்டிய நர்ஸ் சின்னப்பெண். பேனாவைக் காதோரம் செருகியிருந்தாள்.

"ஐயா, உங்களுக்கு எதாவது ஒத்துக்காமப் போயிருக்கா? அலர்ஜி மாதிரி?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று அவர் வாழ்நாளெல்லாம் காத்திருந்த கேள்வி அது. தலையணையை நிமிர்த்திக்கொண்டு எழுந்தே உட்கார்ந்துவிட்டார். தூசியில் ஆரம்பித்தார். பனிக்கு வந்தார். கத்தரிக்காயில் விதை உள்ளது, விதை இல்லாதது என்று இரண்டு கிளை பிரித்தார். பின்சீட்டு வரும்போது நர்ஸ் உதட்டை மடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"ஐயா, மருந்துல. மருந்து எதாவது?"

"அதுக்குத்தானேம்மா வர்றேன். பல்லு புடுங்கினப்போ ஒரு மாத்திரை குடுத்தாங்க. உடம்பு பூரா தடிப்புத் தடிப்பா வந்துது. அப்புறம் இந்த ரப்பர் செருப்பு இருக்கு பாரு..."

நர்ஸ், கட்டில் பக்கத்தில் நின்ற அவளைத் திரும்பிப் பார்த்தாள். நிஜமா என்று கேட்கிற பார்வை.

"சிஸ்டர், அதே வாரத்துல புது பெட்ஷீட்டும் ஒத்துக்கலன்னாரு. எதிர்வீட்டு நாய் குலைக்கிறது ஒத்துக்கலன்னாரு. நீங்க 'இல்ல'ன்னு போட்டுக்கங்க."

"கண்டிப்பா இல்லையாம்மா?"

"நான்தானே கூடவே குப்ப கொட்டறேன். இல்ல."

நர்ஸ் சிரித்துவிட்டாள். அவளும் சிரித்தாள். கடைசியில், மாட்டிக்கொண்ட மாதிரி, அவரும் சிரித்தார். அறையில் எல்லாருக்கும் ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு அந்தப் பெண் குழாய் வழியாக ஒரு மருந்தை ஏற்றினாள். "ஆபரேஷன் புண்ணு பழுக்காம இருக்கறதுக்கு ஐயா. வர்றவங்க எல்லாருக்கும் போடறதுதான்."

சிரிஞ்சைத் தட்டில்கூட வைத்திருக்க மாட்டாள். "உள்ளங்கை அரிக்குது" என்றார் அவர். கொஞ்சம் விட்டு, "என்னமோ மாதிரி இருக்கு" என்றார்.

அவள் பைக்குள் கைவிட்டுத் துண்டைத் தேடிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"ஆரம்பிச்சிட்டீங்களா?"

வழக்கமாக வரும் முனகல் வரவில்லை. அதற்காகத்தான் திரும்பிப் பார்த்தாள்.

உதடு அவருடைய உதடாக இல்லை. கண்ணிமைகள் வீங்கி மூடியிருந்தன. மூச்சு உள்ளே போகிற சத்தம் மட்டும் கேட்டது, குறுகலான பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிற சத்தம். நர்ஸ் ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தாள். மூன்று பேர் ஓடி வந்தார்கள், ஒரு வண்டியை உருட்டி வந்தார்கள், அவளை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். கதவைத் திறக்கும்போது எல்லாரும் மெதுவாக நடக்க ஆரம்பித்திருந்தார்கள். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பெரிய டாக்டர் பின்னால் இரண்டு டாக்டர்களோடு வந்தார். அவர்கள் கையில் ஒன்றுமில்லை. பின்னால் வருவதுதான் அவர்கள் வேலை.

"ரொம்ப அபூர்வமா, இந்த மருந்துக்குச் சில உடம்பு இப்படி ஒரு எதிர்வினையைத் தேர்ந்தெடுக்கும்" என்றார். கடைக்கு வந்து சட்டையைத் தேர்ந்தெடுப்பது மாதிரியும், இவர் உடம்புக்குச் சரியாகத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை என்பது மாதிரியும் இருந்தது. "மின்னல் விழற மாதிரி. யாரும் முன்னாடியே சொல்ல முடியாது." அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கிக் கேட்டார். "இதுக்கு முன்னாடி எதாவது மாத்திரை எடுத்து உடம்பு தடிச்சுதா? இந்த மருந்துக்குப் பங்காளி மாதிரி சில மாத்திரை உண்டு. பல்லுக்கு, தொண்டைக்குக் குடுப்பாங்க."

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் வந்துசேர்ந்துவிட்டார்.

"தடிப்பாவது ஒண்ணாவது! என் மச்சான் கல்லு மாதிரி இருந்தாரு சார். ஒரு தும்மல் தும்மி நான் பாத்ததில்ல!"

இருபத்தைந்து வருஷமாக, கண்ணெதிரே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே தன்னோடு பேசிய ஒரு மனிதரைப் பற்றி அண்ணன் அப்படிச் சொன்னார். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அண்ணன் தெரு நலச் சங்கத்தின் தலைவர். அவரை யாரும் தேர்ந்தெடுத்ததாக ஞாபகம் இல்லை. போட்டியிட யாரும் வரவில்லை என்பதை அவர் ஏகமனது என்று சொல்லிக்கொண்டார். குழாயில் தண்ணீர் வராவிட்டால் கண்டன அறிக்கை விடுவார். தண்ணீர் வந்துவிட்டால் நன்றி அறிக்கை விடுவார். ரெண்டுக்கும் நடுவில் பிளம்பரை அவள் புருஷன்தான் கூட்டிவருவார். அண்ணன் வீட்டில்கூட நின்றுகொண்டுதான் பேசுவார், எதிரே மைக் இருக்கிற மாதிரி. பெரிய காரியம் ஒன்று கையில் கிடைக்காமலே அவருக்கு வயசாகிக்கொண்டிருந்தது. இன்று கிடைத்துவிட்டது.

மகள் விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். அவள் அழுது ஓய்ந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்ததும், அண்ணன் இருவருக்கும் முன்னால் வந்து நின்றார்.

"இத விடப் போறதில்ல. சங்கத்துல பேசிட்டேன். சாயங்காலம் பத்திரிகைக்காரங்க ரெண்டு பேர் வர்றாங்க. நீ ஒண்ணே ஒண்ணு சொன்னா போதும்."

"என்ன சொல்லணும்ண்ணே?"

"அவங்க கேக்கவே இல்லன்னு சொல்லணும். அலர்ஜி இருக்கான்னு ஒரு வார்த்த கேக்காம ஊசியப் போட்டுட்டாங்கன்னு. கேஸே அதுலதான் நிக்குது."

"அண்ணே..."

"அந்த நர்ஸ இன்னிக்கே வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க, தெரியுமா? காலையில நான் ஒரு போன் போட்டேன், அவ்வளவுதான், ஆடிப் போயிட்டான் மேனேஜரு." சொல்லிவிட்டு, துக்க வீடு என்பது ஞாபகம் வந்து முகத்தை மாற்றிக்கொண்டார்.

மகள், "மாமா, இதெல்லாம் நாளைக்குப் பேசலாமே" என்றாள்.

"நாளைக்குச் சூடு ஆறிடும்மா."

அவள் கூடத்தைப் பார்த்தாள். ஃபேன் காற்றில் அவர் நெற்றிமேல் ஒரு முடிக்கற்றை எழுந்து எழுந்து படுத்துக்கொண்டிருந்தது. இருந்திருந்தால் இந்நேரம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "யாருக்கு இவ்வளவு காத்து வேண்டியிருக்கு? உங்கண்ணனுக்கா?" என்று கேட்டிருப்பார்.

கேட்டாங்க, ரெண்டு தடவ கேட்டாங்க என்பது தொண்டைவரை வந்து வந்து நின்றது. சொன்னால் மகள் என்ன நினைப்பாள் என்பது ஒன்று. வாய்விட்டுச் சொன்னால் அது நடந்ததாகிவிடும் என்பது இன்னொன்று. சொல்லாமல் இருந்தால் மின்னல் என்றே இருந்துவிடலாம். டாக்டரே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார். அண்ணனுக்கும் அதில் சௌகரியம். அந்தச் சின்னப்பெண் ஒருத்திக்குத்தான் அசௌகரியம்.

அண்ணனின் ஏற்பாட்டில் இரங்கல் உரையும் இருந்தது. சங்கத்தின் ஒலிபெருக்கியைத் திருகித் திருகி, அது ஒரு கூச்சல் போட்டு அடங்கியதும், முதல் ஆளாக அவரே பேசினார். "மறைந்தவர் இன்முகம் மாறாதவர். எதற்கும் குறை சொல்லியறியாதவர். கொடுத்ததை உண்டு, கிடைத்ததை உடுத்தி, எல்லாரோடும் அனுசரித்து வாழ்ந்த உத்தமர்." வாசலில் நின்ற பெயின்ட் கடை ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோள்கள் குலுங்கின. பார்த்தவர்கள், பாவம், எவ்வளவு பிரியம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். அது தப்பும் இல்லை.

மகள் அம்மாவின் காதில், "இது யாரப் பத்திம்மா பேசறாரு?" என்றாள். அம்மாவுக்கு உதடு துடித்தது. நேற்றிலிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலாளி மைக்கை வாங்கினார். அவருக்குப் பேசிப் பழக்கமில்லை. "நிறம் கலக்கறதுல அவர் கைக்கு ஈடு கிடையாது. மிஷின் ஒண்ணு காட்டும், அவர் ஒத்துக்க மாட்டாரு. மறுபடி கலப்பாரு. அவர் சொன்னதுதான் சரியா இருக்கும்" என்றார்.  "நாங்க கேலி பண்ணிக்கிட்டே இருப்போம்" என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் வாசல் கேட்டைத் தாண்டி உள்ளே வரவா வேண்டாமா என்று ஒருத்தி நிற்பதை அவள் பார்த்தாள். வெள்ளை உடுப்பு இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. ஒரு கையால் காதோரத்தை, அங்கே இல்லாத பேனாவை, தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறார். மைக் இன்னும் கையில்தான் இருந்தது.

"யார் இது? இங்க வர்றதுக்கு எப்படிம்மா கால் வந்துது உனக்கு? எல்லாரும் பாருங்க! இந்தப் பொண்ணுதான்! நேத்து ஊசி போட்டது இதே கைதான்!"

எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கச் சொன்னால் பார்க்கிறவர்கள்தானே.

"சொல்லும்மா. கேட்டியா நீ? அலர்ஜி இருக்கா, எதாவது ஒத்துக்காதான்னு ஒரு வார்த்த கேட்டியா?"

 நர்ஸ் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். கேட்டேன் என்று சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன, அதற்குப் பதில் சொல்ல வேண்டியது யார் என்பதும் தெரிந்திருந்தது. அதனால்தான் பேசாமல் நின்றாள்.

"கேட்டாங்க" என்றாள் அவள்.

மைக்குக்குத் தூரமாக இருந்தும் எல்லாருக்கும் கேட்டது.

"ரெண்டு தடவ கேட்டாங்க. நான்தான் இல்லன்னேன்."

அண்ணன் திரும்பினார். மைக்கை ஒரு கையால் மூடிக்கொண்டு, "துக்கத்துல உளர்றா" என்று கூட்டத்துக்கு விளக்கினார். அவளிடம் குனிந்து, "இதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதும்மா" என்றார்.

"வெளியதானேண்ணே சொல்லிட்டிருக்கேன்." அவள் எழுந்துகொண்டாள். "பல்லு புடுங்கினப்போ மாத்திரை ஒத்துக்கலன்னு அவர் சொன்னாரு. கத்தரிக்காய்க்கும் செருப்புக்கும் நடுவுல சொன்னாரு. நான் சிரிச்சேன்."

மகள் அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி ஒரு கணம் தளர்ந்தது. அவள் அதைக் கவனித்தாள். மறுபடி இறுகுமா என்று திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இறுகியது.

"நானும்தாம்மா சிரிச்சேன்" என்றாள் நர்ஸ். "இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கணும் நான். என்ன மாத்திரைன்னு கேட்டிருக்கணும்."

"உள்ள வா" என்றாள் அவள்.

அண்ணன் மைக்கைப் பார்த்தார். அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதில் சொல்லுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லாமல் போனது சங்க வரலாற்றில் அதுதான் முதல் தடவை. "வண்டி வந்துடுச்சான்னு பாக்கறேன்" என்று வெளியே போனார். வண்டி அரைமணி நேரமாக வாசலில்தான் நின்றிருந்தது.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. அவர் கிடந்த இடத்தைத் துடைத்து நாற்காலிகளைப் பழையபடி போட்டிருந்தார்கள். நர்ஸ் போகவில்லை. யாரும் சொல்லாமலே சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி சுவரில் இருந்த சதுரங்களுக்கு முன்னால் உட்கார்ந்து, கடையில் எந்த டப்பா எந்த நிறம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறவர் மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் பத்திரிகைக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. வருவதாகச் சொன்னதையே அவர்கள் மறந்துபோயிருந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

அவள் வந்து உட்கார்ந்தது நடுநாற்காலியில். தலை விண்விண் என்று தெறித்தது.

"அம்மா, காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீ. தலைவலி மாத்திரையாவது போட்டுக்க." மகள் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். கூடவே தண்ணீர் கொண்டுவந்த நர்ஸ் அந்த அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"உங்களுக்கு எதாவது ஒத்துக்காதாம்மா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று தெரிந்து விறைத்துப்போனாள். மகள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசிக்கிறவள் மாதிரி கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

"தூசி" என்றாள்.

நர்ஸ் காத்திருந்தாள்.

"பனி. கத்தரிக்காய். ஐஸ் தண்ணி."

"அவளுக்கு அதெல்லாம் ஒண்ணும் கிடையாது, சின்னதுலேர்ந்தே..." என்று அண்ணன் ஆரம்பித்தார். நர்ஸ் அவர் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா."

"துவைக்காத புதுச் சட்ட. பஸ்ல பின்சீட்டு."

"ம்."

"பல்லு புடுங்கினா குடுப்பாங்களே, அந்த மாத்திரை."

"ம். அப்புறம்?"

"ரப்பர் செருப்பு."

ஒருவரும் சிரிக்கவில்லை. மகள் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள். அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"தலைக்கு மேல ஃபேன்" என்றாள்.

முதலாளி எழுந்துபோய் நிறுத்தினார். அது உடனே நிற்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்து, மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்து, ஓரத்தில் ஒட்டியிருந்த தூசி தெரிந்து, அப்புறம் நின்றது. அண்ணன் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிக்கொண்டார். எல்லாருக்கும் வியர்த்தது. ஃபேனைப் போடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.